பெயரோடு நின்றுவிடும் இலக்கியப் பாடம்

குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ஒரே ஆங்கிலப் புத்தகம்தான், 2019-இல் வந்தது. பொதுத்தேர்வுக் கேள்வியும் ஒன்றுதான். பாட்டின் சில வரிகளைக் கொடுத்து, இதிலுள்ள அணி எது, ரைம் ஸ்கீம் எது, அலிட்டரேஷன் எந்தச் சொற்களில் என்று கேட்கிறார்கள். இந்தப் பயிற்சி தேவையானது. ஆனால் தொடங்கிய இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

முதலில் அதன் நன்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்குக் கவிதை அச்சமூட்டும். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் என்ற சொற்கள் கையிலிருந்தால், எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதாவது தெரியும். முன்பின் பார்க்காத பாட்டைப் பற்றியும் இரண்டு வாக்கியம் பேசலாம். தேர்வில் உறுதியான மதிப்பெண்ணும் கிடைக்கும். அதை அற்பம் என்று ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை.

குறை, கற்பிக்கும் முறையில் இருக்கிறது. கைடுகளில் ஒரு பக்கம் வரி, மறுபக்கம் அணியின் பெயர் என்று அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்தால் கவிதையைப் படிக்காமலே விடை எழுதிவிடலாம். ‘லைக்’, ‘ஆஸ்’ கண்ணில் பட்டாலே சிமிலி என்று எழுதும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. ‘கிங்’, ‘நைஃப்’ இரண்டும் ‘கே’ எழுத்தில் தொடங்குவதால் அலிட்டரேஷன் என்பார்கள். ‘நைஃபி’ல் அந்த எழுத்து ஒலிப்பதே இல்லை. பாட்டை வாய்விட்டுப் படித்திருந்தால் இந்தத் தவறு வராது. தமிழ் வகுப்பில் படித்த எதுகையையும் மோனையையும் இதோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் அரிது. எதுகை இரண்டாம் எழுத்தில் அமைவது. வரியிறுதியில் வரும் ரைமுக்கு நெருங்கியது இயைபு. அந்த வேறுபாட்டை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

இலக்கிய வகைகளில் இழப்பு இன்னும் பெரிது. அதே பாடநூலில் ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகம் கதையாக வருகிறது. கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதையான ‘தி டையிங் டிடெக்டிவ்’ நாடகமாக வருகிறது. நாடகம் கதையாகும்போது எது போகிறது, கதை நாடகமாகும்போது எது வந்து சேர்கிறது என்று கேட்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. அந்தக் கேள்வி எழாவிட்டால், நாடகம், கதை என்பவை பாடத்தின் தலைப்புக்கு மேலே அச்சிட்ட சொற்களாகவே நின்றுவிடும்.

இந்த வட்டாரத்துக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. இராஜாக்கமங்கலத்தில் கடல்சார் அறிவியல் மையம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ‘மனோன்மணீயம்’ இருக்கிறது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் செய்யுளாக எழுதிய கதையை எடுத்து, 1891-இல் ‘மனோன்மணீயம்’ என்ற தமிழ் நாடகமாக ஆக்கினார் சுந்தரம் பிள்ளை. தேரூர்க் கவிமணியோ கோயில் பெருமை பேசும் ‘மான்மியம்’ என்ற வகையை எடுத்து, மருமக்கள்வழிச் சொத்துரிமையின் கொடுமையைப் பாடினார். சட்டயர் என்றால் என்னவென்று கேட்கும் மாணவனுக்கு அதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு இல்லை. ஆங்கிலப் பேலடைப் புரியவைக்கக் கொடை விழா வில்லுப்பாட்டு இருக்கிறது: பாட்டில் நகரும் கதை, திரும்பத் திரும்ப வரும் அடி, தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, அவருக்கு இடப்பக்கம் இருப்பவர்கள் வாங்கிப் பாடும் முறை. கொடைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நீலி கதை கேட்ட பழக்கம் உண்டு. வகுப்பறை அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்துவதில்லை.

கலைச்சொற்களைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. அவை இல்லாவிட்டால், நல்ல பள்ளியும் புத்தக அலமாரியும் வாய்த்த பிள்ளைகளுக்கு மட்டுமே இலக்கியம் பேசும் மொழி வாய்க்கும். மாற வேண்டியது கேள்விதான். அணியின் பெயருக்கு ஒரு மதிப்பெண், அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதற்கு இன்னொன்று என்று வினாத்தாள் பிரித்துக் கேட்கட்டும். இரண்டாவது விடையைத் தொடக்கத்தில் தமிழிலும் சொல்ல ஆசிரியர்கள் இடம் கொடுக்கட்டும். பெயர் சொல்வதற்கு முன் பாட்டை இரண்டு முறை உரக்கப் படிக்கட்டும். இதற்குப் புதுப் புத்தகமோ கூடுதல் செலவோ தேவையில்லை. அடுத்த பாடவேளையிலேயே தொடங்கலாம்.