கிரிவெல்லாரோவின் அரை நொடி

வட்டக்கச்சியில் இந்தியாவின் ஐஎஸ்எல் கால்பந்தாட்டம் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் சென்னையின் எஃப்சி பக்கம். அதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. நான் 2014இலிருந்து கேரள பிளாஸ்டர்ஸ் ஆள். கொச்சி மைதானத்தின் மஞ்சள் இரைச்சலில் மயங்கினவன். 2016 இறுதியாட்டத்தை அதே கொச்சியில் பெனால்டியில் பறிகொடுத்தபோதும் பக்கம் மாறவில்லை. அப்படிப்பட்டவன், 2020 பெப்ரவரி 1ஆம் திகதி சென்னையின் அணி எங்களைக் கொச்சியில் வைத்தே 6–3 என்று அடித்த ஆட்டத்தை இன்னமும் எடுத்துப் பார்க்கிறேன் என்றால் பெடியளுக்கு விளங்குவதில்லை. நான் பார்ப்பது அவர்களின் நடுக்கள வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோவின் இடது காலை.

முந்திய பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளியோடு கடைசியில் கிடந்த அணி அது. 2019இலும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2018இல் கிண்ணம் வாங்கித் தந்த பயிற்றுநர் ஜோன் கிரெகரி நவம்பர் முடிவில் விலக, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். 2009இல் பேர்ன்லியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிய ஸ்கொட்லாந்துக்காரர். உயரத்தில் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடச் சொல்லுவார் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைத்தோம்.

அவர் செய்தது வேறு. இருந்த ஆட்களை வைத்துக்கொண்டே, எல்லாரையும் கிரிவெல்லாரோவுக்காக ஓட வைத்தார். ஓரத்தில் ஓடும் சாங்தேயைப் பாருங்கள். எந்த நாளும் வேகம் இருந்த பெடியன், ஆனால் எங்கே ஓடுவது என்று தெரியாமல் ஓடியவன். கோய்ல் வந்த பிறகு, கிரிவெல்லாரோ தலை நிமிர்த்தும் கணத்தில் அவன் பின்களத்தாருக்கும் கோல்காப்பாளருக்கும் நடுவிலுள்ள வெளிக்குள் பாய்ந்தான். நடுக்களத்தில் தாபா பின்னால் நின்று ஓட்டைகளை அடைத்தார். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் ஒரு பின்கள வீரரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போனார். நடுவில் திறந்த இடத்தில் பந்தோடு நின்றவர் கிரிவெல்லாரோ.

நின்றவர் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்லுகிறேன். பந்து காலுக்கு வந்ததும் அவர் உடனே தள்ளமாட்டார். அரை நொடி பொறுப்பார். எதிராளி ஒரு அடி முன்வைத்தால்தான் அவனுக்குப் பின்னால் வழி பிறக்கும். அந்த அடிக்காகத்தான் அவர் காத்திருப்பது. இரணைமடுக் குளத்துத் தண்ணி வாய்க்காலில் வரும்போது, எந்த வரம்பை எப்போது வெட்டினால் கடைசி வயலுக்கும் பாயும் என்று அறிந்த கமக்காரனின் பொறுமை அது. வெட்டுகிற நேரத்தில் கை தயங்காது.

வால்ஸ்கிஸ்தான் எல்லாம் என்பார்கள் சென்னையின் ஆட்கள். 15 கோல், தங்கப் பாதணி, மறுக்க என்ன இருக்கிறது? கொச்சியில் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்தே மூவரும் தலைக்கு இரண்டு அடித்தார்கள். ஒபெச்சே எங்களுக்காகத் தனியே மூன்று அடித்தும் காணவில்லை. ஆனால் கோலை மட்டும் எண்ணுகிறவர் ஆட்டத்தின் கடைசித் துண்டைத்தான் பார்க்கிறார். அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று மூன்று உதை பின்னுக்குப் போய்ப் பாருங்கள்.

லீக் முடிவில் சென்னையின் அணிக்கு 29 புள்ளியோடு நாலாமிடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4–1 என்று அடித்து, கோவாவில் 2–4 என்று தோற்றும் மொத்தத்தில் 6–5. மார்ச் 14இல் வெற்று மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஏடிகேயிடம் 3–1 தோல்வி. கொரோனா வராமல் சனம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. எங்களை அடித்த அணிக்காக அன்றிரவு எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது.

இப்போது எங்கள் பக்கத்து ஆட்டங்களில் அந்த அரை நொடியைக் காண்பது அரிது. எழுவர் சுற்றுப்போட்டிகள் பெருகிவிட்டன. சின்ன மைதானம், குறுகிய நேரம். பந்து காலில் பட்டதும் அடி, இல்லாவிட்டால் மூன்று பேரை வெட்டி எடுக்க ஆசை. பொறுத்து நிற்கும் பெடியனைப் பார்த்து வெளியிலிருந்து “குடடா” என்று கத்துகிறோம். அவனும் பயந்து குடுத்துவிடுகிறான். பதினொருவர் ஆட்டத்துக்கு வரும்போது அவனுக்குத் தலை நிமிர்த்தத் தெரிவதில்லை. பயிற்றுநர்கள் இதைக் கவனிக்கவேணும். கோய்ல் கிரிவெல்லாரோவுக்குப் புதிதாக ஒன்றும் பழக்கவில்லை என்றே நினைக்கிறேன். நிற்க விட்டார், அவ்வளவுதான்.

கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போய் 2021–22இல் லீக் கேடயத்தையும் வென்றார். 2023இல் அவரும் கிரிவெல்லாரோவும் மறுபடி சென்னையில் சேர்ந்தார்கள். நான் ஆவலோடு பார்த்தேன். ஆறாம் இடத்தோடு பிளேஓஃபுக்கும் போனார்கள். ஆனால் தாபா மோகன் பகானில், சாங்தே மும்பையில். கிரிவெல்லாரோ பழையபடி பொறுத்து நின்றார். அவர் திறந்துவிடும் வழியில் பாய்வதற்குத்தான் பழையபடி ஆள் இல்லை.