மலிவான நாளும் மைல் கணக்கும்: கூகுள் ஃபிளைட்ஸ், கிரிஸ்ஃபிளையர் விமர்சனம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் என்றைக்கும் ஒன்றுதான். டிக்கெட் விலைதான் பொங்கலுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் திறந்த வாரத்துக்கு ஒன்று என்று ஏறி இறங்கும். பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. அதைக் குறைக்க நான் பயன்படுத்துவது இரண்டு: விலை தேட கூகுள் ஃபிளைட்ஸ், பறப்பதற்குக் கிடைக்கும் மைல் புள்ளிகளைச் சேர்க்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம். ஒன்றில் இருக்கும் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எடை போடுகிறேன்.

கூகுள் ஃபிளைட்ஸுக்குத் தனிச் செயலி கிடையாது. உலாவியில்தான் திறக்க வேண்டும். ஃபோனில் முகப்புத் திரையில் குறுக்குவழி வைத்துக்கொண்டால் போதும். 2010இல் 70 கோடி டாலருக்கு, விமான விலை தேடும் மென்பொருள் செய்த ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை வாங்குவதாக கூகுள் அறிவித்தது. எம்ஐடி கணினி வல்லுநர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து 2011இல் கைமாறியது. அதே ஆண்டு கூகுள் ஃபிளைட்ஸ் வந்தது. இன்றும் அதன் பெரிய பலம் வேகம். தேதியை மாற்றினால் கண்ணிமைக்கும் நேரத்தில் புது விலை வந்து நிற்கிறது.

பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. புறப்படும் இடத்தில் ஒரே ஊரைத்தான் போட வேண்டும் என்பதில்லை, ஏழு விமான நிலையங்கள் வரை சேர்க்கலாம். நான் சென்னை, திருச்சி, கோவை, மதுரை நான்கையும் போட்டுவிடுவேன். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சிதான் பக்கம் என்றாலும், சென்னை விலை எவ்வளவு குறைந்தால் ராத்திரி பஸ் ஏறுவது லாபம் என்பது ஒரே திரையில் தெரிந்துவிடும். பஸ் கட்டணத்தையும் போகும் நேரத்தையும் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். கருவிக்கு அது தெரியாது.

அடுத்தது தேதிக் கட்டம். மேலே போகும் நாள், பக்கத்தில் திரும்பும் நாள், நடுவில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் விலை. குறைந்த விலைகள் பச்சையில். வெள்ளி ராத்திரி போய் ஞாயிறு திரும்ப நினைப்பவர், செவ்வாய் போய் புதன் திரும்பினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை இதில் பார்த்தாலே போதும், மனம் மாறிவிடும். தேதி இன்னும் முடிவாகாதவர்கள் விலைக் கண்காணிப்பைப் போட்டு வைக்கலாம். விலை நகர்ந்தால் மின்னஞ்சல் வரும். இப்போதைய விலை வழக்கத்தைவிடக் குறைவா கூடுதலா என்றும் சொல்லும். அந்த வரியை நான் பெரும்பாலும் நம்புகிறேன்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஒரு சோதனையை அவசியம் செய்ய வேண்டும். எகானமி இருக்கைகளுக்கு எல்லாம் ஒரே விலை கிடையாது. விமான நிறுவனங்கள் அவற்றைப் பல விலை வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலிவான வகுப்பு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். மலிவான வகுப்பில் இரண்டு இருக்கைதான் மிச்சம், நீங்கள் நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், பொதுவாக நான்கு பேருக்குமே மேல் வகுப்பு விலையைத்தான் காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு. தலைக்கு விலை எந்த இடத்தில் தாவுகிறது என்று தெரிந்துவிடும். அங்கே டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். நேரடி விமானமாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். இணைப்பு விமானத்தில் நேரம் மாறினால் இரண்டு முன்பதிவும் இரண்டு திசையில் போகக்கூடும், குழந்தையோடு போகிறவர்கள் அந்தச் சிக்கலில் மாட்டக்கூடாது.

இனி குறைகள். பட்டியலில் முதலில் நிற்கும் விலை பல நேரம் பெட்டி இல்லாத விலை. மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் கையில் 10 கிலோ கொண்டுபோகலாம்; செக்-இன் பெட்டிக்குத் தனிக் காசு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் பெட்டி கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். ஊறுகாய், மசாலாப் பொடி, பேரனுக்கு வாங்கிய துணி எல்லாம் ஏறிய பிறகு எது மலிவு என்பது மாறிவிடும். பை வடிகட்டி இருக்கிறதே என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். நிறுவனத்தின் பக்கத்தில் போய்ப் பார்ப்பதே உறுதி.

இன்னொன்று, கூகுள் காட்டும் முன்பதிவுத் தளங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஒரு தளத்தில் கூகுள் வழியாக நான் நுழைந்தபோது காப்பீடும் இருக்கைக் கட்டணமும் ஏற்கெனவே டிக் அடிக்கப்பட்டிருந்தன. பணம் கட்டும் திரையில் ஒரு வசதிக் கட்டணமும் ஒட்டிக்கொண்டது. கேட்காததைக் கூடையில் போடுவதையும், விலையைக் கடைசியில் ஏற்றுவதையும் நுகர்வோரை ஏமாற்றும் வழிகளாக வகைப்படுத்தி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு விதிகளையே வெளியிட்டது. சில நூறு ரூபாய் கூடினாலும் விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். தேதி மாற்றம், ரத்து, மைல் வரவு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது, கூகுள் ஃபிளைட்ஸில் மைல் விலை தெரியாது என்பது. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் என்று கூட்டணி வாரியாக வடிகட்டலாம். அது உதவியான வசதி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸில் ஏர் இந்தியாவும் 2014 முதல் இருப்பதால் அதில் பறந்ததையும் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அதே விமானத்தை மைல் கொடுத்து எடுத்தால் எவ்வளவு என்று பார்க்க கிரிஸ்ஃபிளையர் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனதும் செய்ய வேண்டிய கணக்கு இது. டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கும் நாம் கட்டியாக வேண்டிய வரியைக் கழியுங்கள். மிச்சத்தைக் கேட்கும் மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு ரொக்க விலை 18,000 ரூபாய், வரி 4,000, கேட்பது 15,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைலுக்கு 93 காசு. இதற்கு மைலைத் தொட வேண்டாம், ரொக்கத்திலேயே எடுங்கள். பண்டிகை வாரத்தில் அதே இருக்கை 38,000 ரூபாய் என்றால், மைலுக்கு 2 ரூபாய் 27 காசு. மைல் சேர்த்ததே இந்த வாரத்துக்காகத்தான். மைலுக்குத் தரும் இருக்கைகளில் மலிவான சேவர் வகைக்கு மைல் எண்ணிக்கை மண்டல அட்டவணைப்படி நிர்ணயமானது. பொங்கல் என்பதற்காக ஏறாது.

அதனால்தான் பண்டிகை நாட்களில் சேவர் இருக்கை சீக்கிரம் காணாமல் போகிறது. முன்பதிவு 355 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. தேதி மாறாத பயணத்துக்கு அப்போதே பாருங்கள். இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடலாம். உறுதியாகும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் என்ற பெயரில் பெரும்பாலும் மாதாமாதம் அடுத்த மாதப் பயணத்துக்குச் சில வழித்தடங்களில் மைலில் 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல சலுகை இந்தத் திட்டத்தில் இல்லை.

கிரிஸ்ஃபிளையரின் கடுமையான விதி காலாவதி. சேர்ந்த மைல் 36 மாதத்தில் போய்விடும். இடையில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் புள்ளிகள் அப்படியில்லை, 36 மாதத்துக்குள் கணக்கில் ஏதாவது வரவோ செலவோ இருந்தாலே உயிரோடு இருக்கும். லண்டனில் உறவு இருப்பவர் சென்னையிலிருந்து நேரே பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தை மனதில் வைத்து ஏவியோஸ் சேர்ப்பதே சரி. எந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறோமோ அந்த வழித்தடம்தான் திட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். நாலு திட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிலும் ஒரு டிக்கெட் தேறாது.

கிரெடிட் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன. மாற்றிய புள்ளி திரும்ப வராது. எனவே தளத்தில் இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றம் வந்து சேர நாளாகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்டு பாக்கியை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். எந்த மைலும் அதை ஈடுகட்டாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கடையான கிரிஸ்ஷாப்பில் பொருள் வாங்கவும் மைலைச் செலவழிக்கலாம். அதில் ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு நன்றாகவே இறங்கிவிடுகிறது.

இவ்வளவு கறார் விதிகளுக்கு நடுவில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, கணக்கில் ஐந்து பேர் வரை பெயர் சேர்த்து நம் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்பது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் தன் அலுவலகப் பயணங்களில் சேர்த்த மைலில் அம்மா அப்பாவைச் சென்னையிலிருந்து அழைத்துக்கொள்ளலாம். பெயரைச் சேர்க்கும்போது பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தை அப்படியே போடச் சொல்லுங்கள். இனிஷியல் மட்டும் உள்ள நம் பெயர்களில் குடும்பப் பெயர் கட்டத்தில் எதைப் போடுவது என்ற குழப்பம் எப்போதும் வரும். அதைப் பயண வாரத்தில் சரிசெய்ய முயல்வதைவிட இன்றைக்கே செய்துவிடுவது நல்லது.