வெண்கலத்தில் யார் முகம்?

சில மாதங்களுக்கு முன்னர் எமது வகுப்பு மாணவன் ஒருவன் சிவப்பு வெல்வெற்றுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எமது மேசைமீது வைத்தான். அதனுள்ளே உள்ளங்கை அளவான வெண்கலப் பதக்கம் ஒன்று இருந்தது. அவனுடைய தந்தையார் வேலை பார்க்கும் நிறுவனம் தனது ஆண்டுநிறைவை முன்னிட்டுத் தொழிலாளர் யாவருக்கும் அதனை வழங்கியதாம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் அதன் இலச்சினை. மறுபக்கத்தில் ஆலையின் தோற்றமும் இரண்டு ஆண்டுகளின் எண்களும். பையன் பதக்கத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இதில வாப்பாட பேரு எங்க இருக்கு?" என்று கேட்டான். பதக்கம் வீட்டுக்கு வந்த அந்த மாதத்தில், தந்தையாருக்குச் சேரவேண்டிய மேலதிக நேரக் கொடுப்பனவு இன்னும் நிலுவையிலேயே கிடந்தது என்பதை நாம் பின்னர் அறிந்தோம்.

மாணவனின் வினாவுக்கு நாம் அன்று விடை கூறவில்லை. ஆயினும் அவ்வினா ஒரு கலைவடிவத்தையே அளந்து பார்க்கப் போதுமான அளவுகோல் என்று பின்னர் தோன்றிற்று. கவிதையை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம், திரைப்படத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஏழைத் தொழிலாளியின் குடிசைக்குள்ளே புகுந்து, கண்ணாடி அலுமாரியில் இடம்பிடித்து, பிள்ளைகளின் மனத்தில் ஒரு கருத்தைப் பதியவைக்கும் இத்தகைய சிறு பொருள்களை எவரும் விமர்சிப்பதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதக்கக் கலை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் குழந்தை. இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 1438ஆம் ஆண்டளவில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜோனின் உருவை வெண்கலத்தில் வார்த்ததிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஒரு பக்கத்தில் மன்னனின் முகம். மறுபக்கத்தில் அவன் பெருமையைக் காட்டும் காட்சி. இந்த இலக்கணம் நெடுங்காலம் மாறவில்லை. முதலாளித்துவம் தலையெடுத்தபோது மன்னன் இருந்த இடத்தில் கம்பனி வந்து அமர்ந்தது. பரம்பரைச் சின்னம் இருந்த இடத்தில் வணிக இலச்சினை பொறிக்கப்பட்டது. ஆசனம் அப்படியே இருந்தது. அமர்ந்தவர் மட்டுமே மாறினார்.

கலையை இவ்வாறு பெருக்கிக் கொடுத்தது யந்திரம். சிற்பி பெரிய அளவில் களிமண்ணிலும் சாந்திலும் உருவமைக்கிறான். பாரிஸ் நகரத்து ஜன்வியே என்பார் ஆக்கிய யந்திரம் அந்த உருவத்தைத் தடவித் தடவி உணர்ந்து, அதே மேடு பள்ளங்களைச் சிறிய உருக்கு அச்சில் வெட்டித் தருகிறது. அந்த அச்சினால் ஆயிரக்கணக்கில் பதக்கங்களை அடித்துத் தள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெயில் சகோதரர்கள் நியூயோர்க்கில் நடத்திய மெடாலிக் ஆர்ட் கம்பனி இத்தகைய யந்திரத்தைக் கொண்டே புகழீட்டியது. வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் உருக்காலையும் இருபத்தைந்தாம் ஆண்டு, ஐம்பதாம் ஆண்டு, நூறாம் ஆண்டு என்று வெண்கலத்தில் தம் வயதைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது.

அச்சிற்பிகளின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. லித்துவேனியாவிலிருந்து ஏதிலியாகச் சென்று நியூயோர்க்கில் குடியேறிய யூதத் தொழிலாளியே விக்டர் டேவிட் பிரென்னர். 1909இல் அவர் வடித்த லிங்கன் முகம் அமெரிக்காவின் ஒரு சத நாணயத்தில் ஏறி, மிக வறியவனின் சட்டைப்பைக்குள்ளும் சென்று சேர்ந்தது. விரல்நகம் அளவான வெளியில் ஒரு மனிதனின் ஆழ்ந்த சிந்தனையைக் காட்டுவது எளிய செயலா? கைத்திறனுக்கு நாம் தலைவணங்குகிறோம். அக்கைத்திறன் யாருக்கு ஏவல் செய்கிறது என்பதே எமது கேள்வி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி தனது இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக 1933இல் ஒரு பதக்கம் வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் நோர்மன் பெல் கெடெஸ். அடித்தது நாம் மேலே குறித்த மெடாலிக் ஆர்ட் கம்பனி. வெண்கலத்தின்மேல் வெள்ளி முலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் ஒரு மோட்டர் வாகனம் அதில் காணப்படுகிறது. வேகத்தையே உருவமாக்கிய அந்தக் கோடுகளின் அழகை எவரும் மறுக்கமாட்டார். இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகள் அதனைப் பேணி வைத்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 1933 எத்தகைய ஆண்டு? அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி வீதியில் நின்ற ஆண்டு. நாடே தேங்கி நின்றபோது பதக்கத்தில் மட்டும் வாகனம் பறந்தது. அந்த வாகனத்தைச் செலுத்துவோனுமில்லை, செய்தோனுமில்லை. தானாகவே தோன்றித் தானாகவே ஓடும் தெய்வீகப் பொருள்போல் அது நிற்கிறது. உழைப்பின் விளைபொருளை உழைப்பிலிருந்து பிரித்தெடுத்து வழிபாட்டுக்குரியதாக்கும் தந்திரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கலைப்பொருள் அரிது. வெண்கலத்தில் விடுபட்டோர் அதிக காலம் காத்திருக்கவில்லை. 1936 டிசெம்பர் 30ஆம் திகதி பிளின்ற் நகரத்து ஆலைகளுக்குள்ளேயே அவர்கள் அமர்ந்துவிட்டார்கள். 44 நாள்கள் யந்திரங்கள் அசையவில்லை. 1937 பெப்ரவரி 11இல் கம்பனி அவர்களது தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. வாகனம் தானாக ஓடுவதில்லை என்பதைப் பதக்கம் சொல்லாது விட்டது, வேலைநிறுத்தம் சொல்லிவிட்டது.

தொழிலாளியின் உருவமே பொறிக்கப்பட்ட பதக்கங்கள் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு. திரண்ட தோளும் திறந்த மார்பும் கொண்ட கொல்லன், பற்சக்கரத்தின் அருகே சம்மட்டியுடன் நிற்பான். ஆயினும் அவன் முகத்தைக் கூர்ந்து நோக்குக. அவனுக்கு வயதில்லை, ஊரில்லை, பெயரில்லை. கிரேக்கச் சிலையின் தலையை எடுத்துத் தொழிலாளியின் கழுத்தில் பொருத்தியிருக்கிறார்கள். உழைப்பைப் போற்றுகிறோம் என்று கூறிக்கொண்டே உழைப்பாளியை மறைக்கும் முறை இது. எமது சிறுகதைகளிலும் இத்தகைய தொழிலாளிகள் உலாவுகிறார்கள் என்பதை முற்போக்கு எழுத்தாளர்கள் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சிவந்த கண்களும் இறுகிய முட்டியுமாக மேடைப்பேச்சுப் பேசும் அப்பாத்திரங்களுக்கும் வெண்கலக் கொல்லனுக்கும் என்ன வேறுபாடு? பெயரும் கவலையும் கடனும் உள்ள மனிதனைக் காட்டாத கலை, எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அரைக்கலையே.

அமெரிக்காவை விட்டு அண்டை நாட்டுக்கு வருவோம். 1907இல் நிறுவப்பட்ட டாட்டா உருக்குக் கம்பனி தனது பொன்விழாவை 1958இல் கொண்டாடிற்று. மார்ச்சு முதலாம் திகதி பிரதமர் நேரு ஜம்ஷெட்பூரில் விழாப் பூங்காவைத் திறந்துவைத்தார். இந்திய அரசு உருக்குத் தொழிலின் ஐம்பதாண்டைக் குறித்து நினைவு முத்திரை வெளியிட்டது. விழா முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. மே மாதத்தில், கேதார் தாஸ் தலைமையிலான சங்கத்தின் அழைப்பை ஏற்று அந்நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முத்திரைச் சேகரிப்பாளரின் ஏட்டில் மார்ச்சு மாதம் இருக்கிறது. மே மாதம் இல்லை.

இவ்விடத்தில் தமிழரின் பழைய மரபொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். கவரப்பட்ட ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவனுக்கு எம் முன்னோர் நடுகல் நாட்டினர். அக்கல்லில் அவனுடைய பெயரையும் அவன் செய்த செயலையும் பொறித்தனர். ஆநிரையின் எண்ணிக்கையையோ அதன் உடைமையாளன் எத்தனை ஆண்டு செல்வனாக வாழ்ந்தான் என்பதையோ பொறிக்கவில்லை. சங்ககாலச் சமுதாயத்தைப் பொற்காலமென்று பாடுவது எமது கருத்தன்று. போரைப் போற்றிய வீரயுகம் அது. எனினும் எவன் இழந்தானோ அவனே நினைவுக்குரியவன் என்ற அறம் அந்தக் கரடுமுரடான கல்லில் இருக்கிறது. மெருகேறிய வெண்கலத்தில் அது இல்லை.

நாம் வாழும் இக்கடற்கரை கம்பனிகளை அறியாததன்று. கற்பிட்டியில் 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்களது கிழக்கிந்தியக் கம்பனி தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிச் செப்புக் காசுகளில் பொறித்தது. நாம் நாள்தோறும் வழங்கும் துட்டு என்ற சொல்லே அந்த ஒல்லாந்தக் காசின் பெயரிலிருந்து வந்ததெனக் கருதும் அறிஞர் உளர். கம்பனி 1799இன் முடிவில் மறைந்தது; அதன் காசு எம் நாவில் தங்கிவிட்டது போலும்.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் வேறொரு பதக்கம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட எமது மக்களுக்கு வட்டமான தகரத் துண்டொன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்களும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. துரைமாரின் கம்பனிக்கு வெண்கலம். தொழிலாளியின் உடலுக்குத் தகரம். இரண்டிலும் தொழிலாளியின் பெயரில்லை. இலங்கைத் தேயிலை 1967இல் நூற்றாண்டு கண்டபோதும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும், தேயிலையை வளர்த்த மக்களில் இலட்சக்கணக்கானோர் அந்நூற்றாண்டை நாடற்றவராகவே கடந்தனர்.

எமது மாவட்டத்துச் சீமெந்து ஆலையையும் எண்ணிப் பாருங்கள். 1970இல் அரசுக் கூட்டுத்தாபனத்தின் ஆலையாக இயங்கத் தொடங்கிற்று. 1993இல் தனியார் கைக்குச் சென்றது. அதன்பின் உடைமையும் பெயரும் ஒருமுறைக்கு மேல் மாறிவிட்டன. இத்தகைய ஆலைக்கு ஆண்டுநிறைவு எந்த நாளிலிருந்து எண்ணப்படும்? உடைமையாளர் மாறுந்தோறும் கணக்குப் புதிதாகத் தொடங்கலாம். அருவக்காட்டில் சுண்ணக்கல் வெட்டியோரும் பாலாவியில் சூளையருகே நின்றோரும் எல்லாப் பெயர்களின் கீழும் உழைத்தனர். ஆலையின் தொடர்ச்சி அவர்களே. நியாயப்படி விழாவும் அவர்களுக்கே உரியது.

அங்ஙனமாயின் நல்ல நினைவுப் பதக்கம் என்று எதுவுமே இல்லையா? எமது கையில் உள்ள ஒரு சிறு நாணயத்தைக் காட்டுவோம். ஊழியர் சேமலாப நிதியின் ஐம்பதாண்டைக் குறித்து மத்திய வங்கி 2008இல் வெளியிட்ட இரண்டு ரூபா நாணயம் அது. அதற்கு வெல்வெற்றுப் பெட்டி இல்லை. பஸ் நடத்துனரின் கையிலும் மீன் வாடியிலும் தேநீர்க் கடையிலும் புரண்டு தேய்ந்தது. அது குறிப்பது ஒரு கம்பனியின் வயதையன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிலாளர் பெற்ற உரிமையை. இன்று ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் அந்நிதியில் இடவேண்டும். அச்சட்டக் காலத்துத் தொழில் அமைச்சர் டி. பி. இலங்கரத்ன. சிங்களச் சிறுவர் பெரிதும் விரும்பிப் படிக்கும் 'அம்ப யஹளுவோ' நாவலை எழுதியவர் அவரே. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக நின்று பதவியிழந்தவரும் அவரே. அவ்வேலைநிறுத்தத்தில் யூன் 5ஆம் திகதி கொழும்பில் பொலிசாரின் குண்டுக்கு இரையானவர் கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர். சிங்களத் தலைவரும் தமிழ்த் தியாகியும் ஒரே அணியில் நின்ற அந்த நாளின் வழித்தோன்றலே அந்த இரண்டு ரூபா எனலாம். ஆயினும் கந்தசாமியின் பெயரைத் தாங்கிய நாணயம் எதுவுமில்லை.

நினைவுச் சின்னம் உரிமையைக் காத்துவிடாது என்பதையும் அதே நாணயம் கற்பிக்கிறது. 2023இல் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகள் விலக்கப்பட்டன; சேமலாப நிதியின் பிணைமுறிகள் விலக்கப்படவில்லை. 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் என்ற வட்டியை ஏற்கவேண்டும். ஏற்காவிடின் நிதியின் வருமானத்தில் 30 சதவீத வரி இறுக்கப்படும் என்பதே நிபந்தனை. ஐம்பதாம் ஆண்டில் நாணயம் அடித்துப் பாராட்டப்பட்ட சேமிப்பு, அறுபத்தைந்தாம் ஆண்டில் நாட்டின் கடன்சுமையைத் தாங்க அழைக்கப்பட்டது. அந்த நிதியில் பெயரே பதியப்படாத நாட்கூலிகளின் கதை தனி.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. பதக்கம் கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். திருப்பிப் பாருங்கள். யாருடைய வயது இதில் எண்ணப்படுகிறது? யாருடைய பெயர் இல்லை? அந்த ஆண்டில் சம்பளம் என்ன? சங்கம் இருந்ததா? இந்நான்கு வினாக்களையும் வகுப்பறையில் எழுப்பினால் வரலாறும் குடியியலும் கலையும் ஒரே பாடமாகிவிடும்.

எமது வகுப்பில் அவ்வாறே செய்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டில் உழைக்கும் ஒருவருக்குக் காகிதத்தில் பதக்கம் வரையவேண்டும். பெயரும் தொழிலும் தொழில் தொடங்கிய ஆண்டும் கட்டாயம் இருக்கவேண்டும் என்றோம். உப்பளத்தில் வேலைசெய்யும் தாயை ஒரு மாணவி வரைந்தாள். வெடித்த பாதங்களை மட்டுமே வரைந்து சுற்றிலும் பெயரை எழுதியிருந்தாள். வெல்வெற்றுப் பெட்டி கொண்டுவந்த பையன் தந்தையாரின் பெயரை வட்டத்தின் நடுவே பெரிதாக எழுதினான். மறுபக்கத்தில் என்ன வரைவது என்று சற்றே யோசித்தபின், கிடைக்காத மேலதிக நேரக் கொடுப்பனவின் தொகையை எழுதினான்.

அத்தொகை இன்னும் வந்து சேரவில்லை.