துடுப்பு பிடிக்கும் மீன்

ட்ரிஃப்ட் படகில் மூன்று பேர் இருப்பார்கள். முன்னால் ஒரு தூண்டில்காரர், பின்னால் ஒரு தூண்டில்காரர், நடுவில் துடுப்போடு வழிகாட்டி. வழிகாட்டியின் கையில் தூண்டில் கிடையாது. படகு ஆற்றில் இறங்கியதிலிருந்து கரையேறும்வரை கிடையாது. ஆனாலும் அந்தப் படகின் வலைக்குள் வரும் ஒவ்வொரு மீனையும் முதலில் பிடிப்பவர் அவர்தான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஓர் ஆற்றையும் ஒரு பருவத்தையும் எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவில் டெலவேர் ஆற்றின் மேற்பகுதி, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும்வரை.

நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக் என்ற சிற்றூரில் மேற்குக் கிளையும் கிழக்குக் கிளையும் கூடி டெலவேர் ஆகின்றன. அங்கிருந்து ஒரு கரை நியூயார்க், மறு கரை பென்சில்வேனியா. ஹான்காக்குக்குக் கீழே கடல்வரை இந்த ஆற்றின் குறுக்கே ஓர் அணைகூட இல்லை. மேலே, இரு கிளைகளிலும் இருக்கின்றன: கிழக்குக் கிளையில் பெபாக்டன், மேற்குக் கிளையில் 1964-இல் முடிந்த கேனன்ஸ்வில். இரண்டுமே நியூயார்க் நகரத்துக் குழாய்களுக்காகக் கட்டியவை; மீனை யாரும் நினைக்கவில்லை. ஆனால் நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும் குளிர்ந்த நீர், கோடையில் செத்துப்போயிருக்க வேண்டிய ட்ரவுட் மீனைக் காப்பாற்றிவிட்டது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறத் தொடங்கும் மீன் அது. ஆறு கீழே இறங்க இறங்க வெதுவெதுப்பாகி, காலிகூன், நாரோஸ்பர்க் பக்கம் ஸ்மால்மவுத் பாஸ் மீனின் ஆட்சி தொடங்குகிறது. இலையுதிர் காலத்தில் ஆறு முழுதும் குளிரும்போது இந்த எல்லை கலைந்துவிடும். ஒரே மடுவில், நீர் பாய்ந்து விழும் தலைப்பில் ட்ரவுட்டும், சற்றுத் தள்ளிப் பாறை மறைவில் பாஸும் இருக்கும். வழிகாட்டிக்கு இரண்டு புத்தி வேண்டிய பருவம் இது.

இந்த மீன்களில் பெரும்பாலானவை வந்தேறிகள். பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1883-இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் வந்தன. ரெயின்போ ட்ரவுட் கலிஃபோர்னியா பக்கத்து மீன். நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வெள்ளைக்காரர்கள் வளர்த்ததும் இதே ரெயின்போதான். பாஸும் மேற்கே இருந்து கொண்டுவந்து விட்டதுதான். மண்ணின் மைந்தன் என்று சொல்லத்தக்கது புரூக் ட்ரவுட் ஒன்று. அது மேலே சிற்றோடைகளுக்குள் ஒதுங்கிவிட்டது.

இனி துடுப்புக்கு வருகிறேன்.

சாதாரணப் படகில் துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார். ட்ரிஃப்ட் படகில் வழிகாட்டி ஆறு போகும் திசையைப் பார்த்தே உட்காருகிறார். வலிப்பதோ ஆற்றுக்கு எதிராக. ஒரிகான் மாநிலத்து மெக்கன்சி ஆற்றில் உருவான படகு இது. தட்டையான அடிப்பாகம், இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும், முழங்கால் அளவு நீரிலும் மிதக்கும். படகை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை, அதை ஆறு பார்த்துக்கொள்ளும். வழிகாட்டியின் கலை முழுவதும் படகைத் தாமதிக்க வைப்பதில் இருக்கிறது. நீரின் வேகத்தைவிட ஒரு மாற்றுக் குறைவாக, சில நேரம் நீரின் வேகத்துக்குச் சரியாக, சில நேரம் ஓடும் ஆற்றின் நடுவே நின்ற இடத்திலேயே. படகை லேசாகச் சாய்த்துப் பிடித்து எதிர்த்து வலித்தால், அது கீழே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து, கரையிலிருந்து எப்போதும் அதே நாற்பதடி தூரத்தில் நிற்கும். தூண்டில்காரர் தன் நரம்பின் நீளத்தை மாற்ற வேண்டிய தேவையே வராது. காலையிலிருந்து தான் நன்றாக வீசிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார். அந்த நாற்பதடியைக் காலையிலிருந்து அவருக்காக அளந்து கொடுத்துக்கொண்டிருப்பவர் நடுவில் இருக்கிறார்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது துடுப்பின் நுனி. கைதேர்ந்த வழிகாட்டி முழுத் துடுப்பையும் நீரில் அழுத்துவதில்லை. நுனி மட்டும் இறங்கும், ஒரு சிறு திருகல், மறுபடி மேலே. சொட்டும் நீர்கூட மீன் இருக்கும் பக்கம் விழாதபடி தூக்குவார். மேல் டெலவேரின் மடுக்கள் நீளமானவை, கண்ணாடி போல அசையாதவை. அங்கே படகு எழுப்பும் ஒரு சிற்றலை போதும், மேய்ந்துகொண்டிருந்த மீன் வாயை மூடிக்கொள்ளும். துடுப்புக் கட்டை ஒருமுறை படகில் இடித்தால் அந்த மடு கால் மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர்தான்.

அப்புறம் பார்வை. ட்ரவுட் மேலே வந்து ஒரு பூச்சியை எடுத்தால் நீரில் ஒரு வட்டம் விரியும். நமக்கு எல்லா வட்டமும் ஒன்று. வழிகாட்டி வட்டத்தின் நடுவே ஒரு குமிழி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார். குமிழி இருந்தால் மீன் பூச்சியோடு காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. ஆகவே நீரின் மேல்தளத்தில் நிற்கும் சிறகு விரித்த பூச்சியைத் தின்கிறது. குமிழி இல்லாமல் முதுகு மட்டும் புரண்டால் அது மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, சிறகு விரிக்கப் போராடும் பூச்சியைத் தின்கிறது. ஒரே மீன், ஒரே பூச்சி, ஆனால் கட்ட வேண்டிய செயற்கைப் பூச்சி வேறு. இந்த ஒரு குமிழியைப் பார்த்து முடிவெடுத்துப் பூச்சியை மாற்றும் வழிகாட்டியைக் கண்டால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பூச்சிகளோ பருவம் பார்த்து வருபவை. செப்டம்பர் வெயிலில் இறக்கை எறும்புகள் ஆற்றில் கொட்டும் நாட்கள் உண்டு. பெரிய கருஞ்சாம்பல் நிற மேஃப்ளையான ஐசோனிகியா, நீருக்குள் மீன்குஞ்சு போல விரைந்து நீந்திப் பாறை மேல் ஏறித் தோலுரிக்கும். அக்டோபரில் நம்பியிருக்கத்தக்கது புளூ விங்டு ஆலிவ் என்னும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பூச்சி. அதற்கு வெயில் பிடிக்காது. மந்தாரமும் தூறலும் கூடிய மத்தியானங்களில் மொய்க்கும். படம் எடுக்க வந்த சுற்றுலாக்காரர்கள் மழையை நொந்துகொள்ளும் அதே நேரம், வழிகாட்டிகள் வானத்தைப் பார்த்து மலர்ந்திருப்பார்கள். இந்தக் குட்டிப் பூச்சியின் செயற்கை வடிவத்தைக் கட்டும், நரம்பின் நுனியில் உள்ள தங்கூசி இழையின் கனம் சுமார் 0.13 மில்லிமீட்டர். விரல் விறைத்த குளிரில், ஆடும் படகில், எச்சில் தொட்டு முடிச்சை இறுக்குகிறார்கள். உலர்ந்த முடிச்சு இறுகும்போது தங்கூசி தேய்ந்து பலம் போய்விடும். அதனால் அந்த எச்சில்.

பேச்சிலும் ஒரு சிக்கனம். படகின் முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு திசை சொல்வது வழக்கம். "பத்தரை மணி, முப்பத்தைந்து அடி. பொறுங்கள். இப்போது." அந்தப் ‘பொறுங்கள்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மடுவில் மேயும் டெலவேர் மீன் ஓரிடத்தில் நிற்பதில்லை; ஒரு பூச்சியை எடுத்து, இரண்டடி மேலே நகர்ந்து, அடுத்ததை எடுக்கும். அதன் தாளத்தை வழிகாட்டி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். வட்டம் எழுந்த இடத்தில் வீசுவது நம் ஆசை. மீன் அடுத்து வாய்திறக்கப்போகும் இடத்தில் வீசச் சொல்வது அவர் கணக்கு. பாடகர் எடுக்கப்போகும் இடத்தை முன்பே அறிந்து கை வைக்கும் மிருதங்கக்காரரை அந்தக் கணத்தில் நினைத்துக்கொள்வேன். பூச்சி விழுந்ததும் படகின் வேகத்தை அதன் வேகத்தோடு இணைத்துவிடுவார். நரம்பு பூச்சியை இழுக்காது. உயிருள்ளது போல அது தன்போக்கில் மிதந்து போகும். ட்ரவுட் நம்புவது இந்த மிதப்பைத்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து படகு கீழே இறங்கினால் பாடம் தலைகீழ். ட்ரவுட் கடித்தால் தூண்டிலைப் பூப்போலத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய தங்கூசி அறுந்துவிடும். பாஸ் கடித்தால் தூண்டில் நுனியைத் தாழ்த்தியே வைத்து, நரம்பை இடது கையால் நீளமாக இழுக்க வேண்டும். மென்மை காட்டினால் முள் அதன் கெட்டித் தாடையில் ஏறாது. காலை முழுதும் பழகிய கையை ஒரு மணி நேரத்தில் மறக்கடிப்பது லேசான வேலையா? நல்ல வழிகாட்டி அதற்குக் குரலையே மாற்றிக்கொள்கிறார். காலையில் முணுமுணுப்பாக இருந்த பேச்சு, பாஸ் நீரில் உரக்கவும் உற்சாகமாகவும் ஆகிவிடுகிறது. நம் கையும் தானாக அதற்கு ஏற்ப முறுக்கேறுகிறது.

ஸ்மால்மவுத் பாஸ் வெண்கல நிறம், உடம்பில் செங்குத்தான கோடுகள், சிவந்த கண். பாறைத் திட்டுகளின் பின்னால் நின்று, கிரேஃபிஷ் என்னும் ஆற்றுச் சிங்கியை வளைத்துத் தின்னும். செப்டம்பரில் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கையில், மேலே மிதக்கும் பாப்பர் என்ற பொய்யிரைக்கு வரும். அதை வீசியதும் அசைக்கக் கூடாது. வட்டங்கள் கடைசிவரை விரிந்து அடங்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரே ஒரு துடிப்பு. இந்தக் காத்திருப்பைப் பொறுக்கமாட்டாதவர்களே அதிகம். வழிகாட்டி வாய்விட்டு எண்ணிக் கொடுப்பார். நீர் 10 டிகிரியை நெருங்கியதும் பாஸ் சோம்பி ஆழ மடுக்களில் கூடிவிடும். பொய்யிரையும் அடியில் ஊர்ந்து போக வேண்டும். இந்த ஆற்றங்கரை ஊரான லாக்கவாக்ஸனில் குடியிருந்த ஸேன் கிரே, பிற்காலத்தில் கௌபாய் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர், 1902-இல் முதன்முதல் அச்சேற்றிய எழுத்தே இந்த ஆற்றில் பாஸ் பிடித்த ஒரு நாளைப் பற்றியதுதான். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஆற்றைப் பார்த்தபடியே நிற்கிறது.

கூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பருவத்தைச் சொன்னதாகாது. மேப்பிள் மரங்கள் சிவக்கும் வாரக்கடைசியில் படகுத்துறைகளில் வண்டிகள் வரிசை கட்டும். நீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் நின்று தூண்டில் வீசுபவர்கள், சிறு துடுப்புப் படகில் வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள், பிற வழிகாட்டிகளின் படகுகள் என்று ஆறு நிரம்பிவிடும். போதாததற்கு உதிர்ந்த இலைகள். வீச்சுக்கு ஓர் இலை முள்ளில் வந்து மாட்டும். இந்த நெரிசலில்தான் வழிகாட்டியின் தரம் தெரியும். துறையில் வண்டியைச் சரிவில் நிறுத்திக்கொண்டு சாமான் அடுக்க மாட்டார். எல்லாம் மேலேயே கட்டி முடித்து, இறங்கிய வேகத்தில் இடத்தைக் காலி செய்வார். நீரில் நிற்பவர் எந்தப் பக்கம் வீசுகிறார் என்று தூரத்திலேயே பார்த்து, அவருடைய முதுகுப் பக்கமாகப் படகைக் கொண்டுபோவார். ஆழம் இடங்கொடுக்காவிட்டால், "எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்டுவிட்டு, தன் ஆட்களின் நரம்பைச் சுருட்டச் சொல்லி, துடுப்பைத் தூக்கிப் பிடித்து நழுவுவார். தான் காலையிலிருந்து மனசில் வைத்திருந்த மடுவில் வேறொருவர் நின்றால், முகம் சுளிக்காமல் அடுத்த வளைவுக்குப் போவார். அடுத்த வளைவும் அவருக்குத் தெரியும் என்பதால் வரும் பெருந்தன்மை அது. ஆறு தெரியாதவர்கள்தான் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

நியூயார்க்கில் இந்த வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். தேர்வு உண்டு, முதலுதவியும் நீர்ப் பாதுகாப்பும் கற்றிருக்க வேண்டும். மேலே நான் சொன்னவை எதுவும் அந்தத் தேர்வில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. குமிழியைப் பார்ப்பதையும் ‘பொறுங்கள்’ என்பதையும் ஆற்றில் வருடக்கணக்கில் இருந்துதான் கற்க வேண்டும்.

கடைசியாக, அவர் பிடிக்க மறுக்கும் மீன். அக்டோபர் நடுவில் பிரவுன் ட்ரவுட் முட்டையிடத் தொடங்கும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் தோண்டும். பாசி உரிந்த அந்த இடம் சுற்றியுள்ள அடிப்பரப்பைவிட வெளுத்துத் தெரியும். வருடத்திலேயே பெரிய மீன்கள், தெளிந்த நீரில், கண்ணெதிரே, அசையாமல் நிற்கும். காசு கொடுத்து வந்தவர் ஆவலாகக் கையை நீட்டிக் காட்டுவார். நான் மதிக்கும் வழிகாட்டிகள் அப்போது ஒரே ஒரு வலி வலித்துப் படகை விலக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிப்பார்கள். அன்று முழுதும் அந்தத் துடுப்பு செய்த வேலைகளில் இதையே நான் உயர்ந்ததாக வைப்பேன்.

அந்தப் பருவத்தில் அந்த ஆற்றில் இறங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், வெளுத்த கூழாங்கல் திட்டுகளில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். அதற்கடியில் இருக்கும் முட்டைகள் பொரிக்கக் குளிர்காலம் முழுவதும் ஆகும்.