இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகள்: மரபும் அளவுகோலும்

கோட்டையின் பெருமையை மதிலின் உயரத்தைக் கொண்டு பேசுவது வழக்கம். முற்றுகையில் தேறிய கோட்டைகளைப் பார்த்தால் உண்மையான அளவுகோல் வேறு என்பது விளங்கும். மதிலடியில் பகைவன் ஒதுங்க இடமிருக்கக் கூடாது. சிலர் நின்றே பலரைத் தடுக்க வேண்டும். இடைக்காலக் கோட்டைக் கலையின் நான்கு மரபுகளும் இந்த இலக்கை நோக்கியே வளர்ந்தன.

முதலாவது நார்மானியர் மரபு. மண்மேடு எழுப்பி, உச்சியில் மரக்கோபுரம் நிறுத்தி, கீழே முற்றத்தைச் சுற்றி அகழியும் மரவேலியும் அமைத்தார்கள். 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் நாடெங்கும் இவற்றை எழுப்பினார். கட்டுவது எளிது, நெருப்புக்குத் தாங்காது.

இரண்டாவது சதுரக் கற்கோபுரம். இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டை இதற்குச் சான்று. 1215-இல் ஜான் மன்னரின் ஆட்கள் அதன் மூலைக்கடியில் சுரங்கம் தோண்டி மரமுட்டுக் கொடுத்தனர். கொழுத்த பன்றிகள் 40 அனுப்பும்படி மன்னர் கடிதம் விடுத்தார். அவற்றின் கொழுப்பை இட்டு முட்டுகளை எரித்ததும் மூலை சரிந்தது. பின்னர் அதை வட்டமாகக் கட்டினார்கள். இன்றும் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் வட்டம்.

மூன்றாவது மரபில் வட்டக் கொத்தளங்கள் மதிலைவிட்டு முன்னே நீண்டு நின்றன. அங்கிருந்து மதிலடி முழுவதையும் பக்கவாட்டில் அம்பால் காக்கலாம். அம்புத்துளை வெளியே வெறும் கீற்று; உள்ளே வில்லாளி திரும்பி நிற்க இடம் கொடுக்கும்படி விரியும்.

நான்காவது மதிலுக்குள் மதில். சிரியாவின் கிராக் தே செவாலியே, வேல்ஸின் கேர்ஃபிலி, 1295-இல் தொடங்கிய பியூமாரிஸ் ஆகியவை இவ்வகை. வெளிமதில் தாழ்வு, உள்மதில் உயர்வு. ஆகவே இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அம்பு பாயும். வாசலில் இரட்டைக் கொத்தளம், மேலிருந்து இறங்கும் கிராதி, நுழைவோர் தலைக்கு மேல் துளைகள். இதே மரபில் எழுந்த ஹார்லெக்கை 1294-95 வேல்ஸ் கிளர்ச்சியில் 37 பேரே காத்தனர். உணவு கடல்வழி வந்தது. பியூமாரிஸோ பணமில்லாமல் பாதியில் நின்றது. ஆயினும் ஒழுங்கமைப்பில் அதுவே இம்மரபின் சிகரம்.

1453-இல் கான்ஸ்டான்டிநோபிளின் மதில்களைப் பீரங்கிகள் தகர்த்தன. உயர்ந்த மதில் பீரங்கிக்கு எளிய இலக்கு. பிறகு வந்த கோட்டைகள் தாழ்ந்து, தடித்து, நட்சத்திர வடிவம் கொண்டன.

கோட்டை காணச் செல்வோர் மதிலை அண்ணாந்து பார்ப்பதோடு திரும்பிவிட வேண்டாம். மூலை, வாசல், உணவும் நீரும் வந்த வழி ஆகிய மூன்றையும் நின்று பாருங்கள். கட்டியவர்களின் அறிவு அங்கேதான் இருக்கிறது.