கடிகாரத்தை விடுங்கள், காலியிடத்தைப் பாருங்கள்

‘நினைவின் நிலைபேறு’ ஓவியத்தைப் பற்றி யார் பேசினாலும் உருகும் கடிகாரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். காலம் நிலையற்றது, ஐன்ஸ்டீன், சார்பியல்... வெயிலில் இளகிய காமம்பேர் பாலாடைக்கட்டியிலிருந்து வந்த யோசனை என்று வரைந்த சால்வடோர் டாலியே சொன்ன பிறகும் விட்டபாடில்லை.

என் கட்சி வேறு. 1931இல் அவர் எடுத்த பெரிய முடிவு, எந்த இடத்தில் எதையுமே வைக்காமல் விடுவது என்பது.

இடப்பக்கம் பாருங்கள். ஒரு கட்டை மேடை சட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதன் விளிம்பில் ஓர் இளகிய கடிகாரம் வழிகிறது. மேடையிலிருந்தே முளைத்த பட்டமரக் கிளையில் இன்னொன்று தொங்குகிறது. எறும்பு மொய்க்கும் கெட்டிக் கடிகாரமும் அங்கேதான். மூன்றாவது இளகிய கடிகாரம், நடுவில் சுருண்டு கிடக்கும் முகம் போன்ற உருவத்தின் மேல். இந்தப் பாரமெல்லாம் இடப்பக்கமும் நடுவிலும் குவிய, வலப்பக்கம் வெறும் பழுப்புத் தரை. வெகு தொலைவில், மேலே ஒரு மெல்லிய பட்டையில், கட்டலோனியாவின் காப் தெ கிரேயுஸ் பாறைகளும் கடலும் பொன்வெயிலில் கிடக்கின்றன.

தொடுவானத்தை அவ்வளவு மேலே ஏற்றியதுதான் துணிச்சல். கீழே வைத்திருந்தால் வானம் விரிந்து நமக்கு மூச்சு கிடைத்திருக்கும். மேலே போனதால் தரை நீண்டுகொண்டே போகிறது, நிழல் நம் காலடிக்கு வந்துவிடுகிறது. கண் வெளிச்சக் கரைக்கு ஓடப் பார்க்கிறது. வழியில் கால் ஊன்ற ஒன்றும் இல்லாமல் அந்த உருவத்திடமே திரும்பி வருகிறது. படத்தின் துயரம் முழுக்க இந்தப் போக்குவரத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் கவர் பக்கம் ஆளே நிறுத்தாமல் பந்துவீசச் சொல்லும் கேப்டனின் வேலை இது. பொறி அந்தக் காலியிடத்தில்தான்.

அளவும் ஒரு முடிவே. 24க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ‘இவ்வளவு சின்னதா’ என்று ஏமாறுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. சுவர் அளவுக்கு இருந்தால் அந்த நிலத்துக்குள்ளேயே நின்றிருப்போம். இப்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கிறது, போனாலும் கரை எட்டுவதில்லை.

இருபது ஆண்டு கழித்து, 1952–54இல், இதே காட்சியை அவர் மறுபடி எடுத்தார். மேடை செங்கல் செங்கலாகப் பிரிந்து மிதக்கிறது, தரையைத் தண்ணீர் மூடிவிட்டது, முன்பு வெறுமையாக விட்ட இடமெல்லாம் நிரம்பிவிட்டது. கைத்திறனில் குறையில்லை. எனக்கு நெஞ்சு கனக்கவில்லை.

2031இல் முதல் ஓவியத்துக்கு நூறு வயது. சுவரொட்டிகளில் கடிகாரத்தை மட்டும் நெருக்கி வெட்டிப் போடுவார்கள். முதலில் பலியாவது வலப்பக்கத் தரையாகத்தான் இருக்கும். இருட்டு அரங்கின் நான்கு சுவரிலும் ஒளிபாய்ச்சிக் காட்டுவார்கள், கூட்டமும் அள்ளும், யாருக்கும் தொண்டை அடைக்காது. அதன் பிறகு சில ஆண்டுகளில் சின்னச் சட்டமும் உயர்ந்த தொடுவானமும் திரும்பி வரும் என்பது என் கணிப்பு. கொண்டுவருபவர் ஓவியப் பள்ளியில் படித்தவராக இருக்க மாட்டார், ஒளிப்பதிவிலிருந்து வருவார். எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்று அன்றாடம் முடிவெடுத்துப் பழகியவர்கள் ஒளிப்பதிவாளர்கள்தான்.