ஒரு மாணவியின் ஆய்வேடு

கருவியலில் முனைவர் பட்டத்திற்கென எழுதப்பட்ட ஆய்வொன்று அத்துறையின் போக்கையே மாற்றியது. 1924இல் செருமானிய மொழியில் வெளிவந்த அக்கட்டுரையில் இரு பெயர்கள் உள்ளன. முதற்பெயர், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமானுடையது. அடுத்தது, சோதனைகளைத் தம் கையால் செய்த மாணவி ஹில்டே மாங்கோல்டுடையது. நூறாண்டு கடந்த அவ்வேட்டை இன்று நாம் எவ்வாறு வாசிப்பது?

நியூட் என்பது நீரிலும் நிலத்திலும் வாழும், பல்லியை ஒத்த சிற்றுயிர். அதன் ஓரினத்தின் கரு வெளிறியது. மற்றோரினத்தின் கரு நிறமுடையது. வெளிறிய இளங்கருவில், கருத்துளையின் மேலுதட்டுத் திசுவைச் சிறிதளவு வெட்டியெடுத்து, நிறமுள்ள கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார் மாங்கோல்ட். அங்கே இரண்டாவதாக ஒரு கரு உருவாகத் தொடங்கியது. கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள் இல்லாத காலம் அது; பெரும்பாலான கருக்கள் மடிந்தன. தப்பிய மிகச் சிலவற்றை ஒவ்வொன்றாக, எண்ணிட்டு, குறைகளையும் மறையாது விவரிக்கிறது ஆய்வேடு. இந்நேர்மையே அதன் முதற்சிறப்பு என்போம்.

நிற வேறுபாட்டால் எந்தத் திசு எவ்வுயிருக்குரியது என்று பிரித்தறிய முடிந்தது. முதுகுநாண் பெரும்பாலும் ஒட்டுத் திசுவால் ஆனது. நரம்புக்குழலோ பெரும்பாலும் ஏற்ற கருவின் உயிரணுக்களாலேயே ஆனது. அதாவது, வயிற்றுத் தோலாக வேண்டியிருந்தவை நரம்பாக மாறின. வந்த திசு அழைத்தது, இருந்தவை செவிசாய்த்தன. இரண்டும் சேர்ந்தே அக்கருவை உருவாக்கின.

இங்கேதான் நமக்கு ஒரு மனக்குறை. கட்டுரையின் உள்ளடக்கம் இக்கூட்டுப்பணியை மறைக்கவில்லை. ஆனால் ஒட்டுத் திசுவுக்குச் சூட்டப்பட்ட 'அமைப்பாளர்' என்னும் பெயர், அழைத்தவருக்கே புகழனைத்தையும் அளித்துவிடுகிறது. பின்னர் 1930களில், உயிரற்ற திசுவும் இவ்வாறு தூண்டக்கூடும் என்று கண்டனர். 1990களில் கண்டறியப்பட்ட கார்டின் என்னும் புரதம், வயிற்றுப்புறமாக வளரச் செய்யும் குறிப்பைத் தடுக்கிறது. தடை வந்ததும், உயிரணுக்கள் தம்முள் இருந்த ஆற்றலாலேயே நரம்பாகின்றன. ஏற்ற கருவின் பங்கு, அப்பெயர் உணர்த்துவதினும் பெரிது.

கட்டுரையின் பெயர்வரிசையும் இத்தகையதே. ஸ்பீமானுக்கு உரியதை நாம் குறைக்கலாகாது. 1918இலேயே இத்திசுவை ஓரினத்துக்குள் ஒட்டிப் பார்த்தவர் அவர். இருநிற முறையையும் அவரே வகுத்தார். எனினும், உடன் பயின்ற விக்டர் ஹாம்பர்கர் தம் நினைவுகளில், ஏனைய மாணவர் தத்தம் ஆய்வைத் தனிப்பெயரில் வெளியிட, மாங்கோல்டின் ஏட்டில் மட்டும் ஆசிரியர் பெயர் முன்னே வந்ததையும், அது அவரை வருத்தியதையும் பதிந்துள்ளார்.

1924 செப்டம்பரில், அடுப்பு வெடித்த தீவிபத்தில் மாங்கோல்ட் இறந்தார். வயது 25. 1935இல் நோபல் பரிசு ஸ்பீமானுக்கு மட்டும் வழங்கப்பட்டது. இறந்தவர்க்கு அப்பரிசு அளிக்கும் வழக்கமில்லை. அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் வாசிக்கும் நமக்கு அத்தகைய விதி ஏதுமில்லை. முதுகுநாணை மட்டும் நோக்காமல், நரம்புக்குழல் எவருடைய உயிரணுக்களால் ஆனது என்றும் கேட்க அவ்வேடே நமக்குக் கற்பிக்கிறது. அதே கேள்வியோடு அதன் முதற்பக்கத்தையும் வாசிப்போம்.